குடிபெயர்தலும் குடிபெயர்த்தலும்: ஓர் உக்ரைன் சிற்றூரின் கதை

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குத் தன்வினை, பிறவினை என்ற வேறுபாடு நினைவிருக்கும். 'திருந்தினான்' என்றால் மாற்றம் அவனுக்குள்ளேயே நிகழ்ந்தது. 'திருத்தினான்' என்றால் ஒருவன் இன்னொருவனை மாற்றினான். 'பெயர்தல்', 'பெயர்த்தல்' என்ற இரு சொற்களுக்கு நடுவிலும் ஒரு மெய்யெழுத்துதான் கூடுதல். பிழைப்பைத் தேடியோ உறவைத் தேடியோ ஒரு குடும்பம் தானாக ஊர் மாறினால் அது குடிபெயர்தல். அரசோ படையோ நிலவுடைமையாளரோ ஒரு மக்கள் கூட்டத்தை இருந்த இடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் வைத்தால் அது குடிபெயர்த்தல். வரலாற்று நூல்கள் இதைக் கட்டாயக் குடிபெயர்ப்பு என்று குறிப்பிடுகின்றன.

இலக்கணத்தில் இந்தக் கோடு தெளிவாக இருந்தாலும் வாழ்க்கையில் அது பல நேரங்களில் மங்கிவிடுகிறது. துப்பாக்கி முனையில் வண்டியில் ஏற்றப்படுபவரைப் பற்றி யாருக்கும் ஐயம் வராது. ஆனால் "இங்கே இருக்க முடியாது, அங்கே நிலம் தருகிறோம்" என்று சொல்லப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியவரை எந்தப் பக்கம் சேர்ப்பது? இதை அறிய மூன்று கேள்விகள் உதவும். போவதென்று முடிவெடுத்தவர் யார்? போகாமல் இருந்திருக்க முடியுமா? திரும்பி வர வழி இருந்ததா? இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கத் தெற்கு உக்ரைனில் உள்ள ஒரு சிற்றூரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்குள், கட்டாயக் குடிபெயர்ப்பின் ஏறக்குறைய எல்லா வடிவங்களும் அந்த ஊரைக் கடந்து சென்றிருக்கின்றன.

கெர்சன் மாநிலத்தில், தினிப்ரோ ஆற்றின் வலக்கரையில், பெரிஸ்லாவ் நகருக்கு அருகில் இருக்கிறது அந்த ஊர். இன்றைய பெயர் ஸ்மியீவ்கா. முன்பு தனித்தனியாக இருந்த நான்கு ஊர்கள் சேர்ந்து இந்த ஒரே ஊராயின. அவற்றில் மூன்று, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியர்கள் அமைத்தவை. அந்த மூன்றில் ஒன்றின் பெயர் ஷ்லாங்கென்டோர்ஃப். ஜெர்மன் மொழியில் பாம்பூர் என்று பொருள். உக்ரைனிய மொழியிலும் பாம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்தே ஸ்மியீவ்கா என்ற பெயர் வந்தது. ஊரார் மாறினார்கள், மொழி மாறியது, ஆட்சிகள் மாறின. பாம்பு மட்டும் பெயரில் தங்கிவிட்டது. நான்காவது ஊர்தான் மூத்தது, நம் கதையின் மையமும் அதுவே. அதன் பெயர் கம்மல்ஸ்வென்ஸ்க்பி. ஸ்வீடிஷ் மொழியில் 'பழைய ஸ்வீடன் ஊர்' என்று பொருள்.

கருங்கடலுக்கு அருகிலுள்ள புல்வெளியில் ஸ்வீடிஷ் பேசும் ஊர் எப்படி வந்தது? பால்டிக் கடலில், இன்றைய எஸ்தோனியாவுக்குச் சொந்தமான ஹீயுமா என்ற தீவு இருக்கிறது. ஸ்வீடன்காரர்கள் அதை டாகோ என்பார்கள். இடைக்காலம் முதலே அங்கு ஸ்வீடிஷ் பேசும் உழவர்களும் மீனவர்களும் வாழ்ந்து வந்தார்கள். ஸ்வீடனுக்கும் ரஷ்யாவுக்கும் நடந்த நீண்ட போர் 1721இல் முடிந்தபோது தீவு சட்டப்படி ரஷ்யப் பேரரசின் கைக்குப் போயிற்று. சுற்றியிருந்த எஸ்தோனிய உழவர்கள் பண்ணையடிமைகளாக, நிலத்தோடு பிணைக்கப்பட்டவர்களாக இருந்தார்கள். இந்த ஸ்வீடிஷ் உழவர்களோ தாங்கள் பிறப்பால் சுதந்திர மக்கள் என்று வாதிட்டார்கள். நிலத்தின் உரிமையாளர்களான ஸ்டென்பொக் குடும்பத்தாரோடு அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. கடைசியில் அவர்களுக்குச் சுதந்திரம் இருந்தது, ஆனால் நிற்பதற்கு நிலம் இல்லை. பிரபுவின் மண்ணைவிட்டு வெளியேறியாக வேண்டும் என்ற நிலை வந்தது.

அதே காலத்தில் பேரரசி இரண்டாம் காத்தரீன் தெற்கே புதிய நிலங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். 1774இல் உதுமானியப் பேரரசுடன் செய்த உடன்படிக்கைக்குப் பின் கருங்கடல் வட்டாரம் ரஷ்யப் பிடிக்குள் வரத் தொடங்கியது. மறு ஆண்டே, அங்கு நெடுங்காலமாக இருந்த போர்வீரர் சமூகமான ஸப்பரோஷியக் கோசாக்குகளின் தலைமைக் கோட்டை தகர்க்கப்பட்டது. ஆளில்லாத வெற்று நிலம் என்று அரசாவணங்கள் எழுதிய இடம், உண்மையில் கோசாக்குகளும் நாடோடி மேய்ப்பர்களும் வாழ்ந்து, பலர் துரத்தப்பட்டிருந்த நிலம். பெரிஸ்லாவ் நிற்கும் இடத்தில் அதற்கு முன்பு உதுமானியக் கோட்டை ஒன்று இருந்தது. இதை நினைவில் வைப்பது முக்கியம்: குடியேற்றம் எங்கெல்லாம் தொடங்குகிறதோ, அங்கெல்லாம் அதற்கு முன்னால் ஒரு வெளியேற்றம் இருந்ததா என்று கேட்க வேண்டும்.

தெற்கின் ஆளுநராக இருந்த பொத்யோம்கினுக்கு அந்நிலத்தை உழ ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஹீயுமாவின் ஸ்வீடிஷ் உழவர்களுக்கு மண் தேவைப்பட்டது. நிலமும் வீடும் கிடைக்கும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. 1781 ஆகஸ்டில் ஏறத்தாழ ஆயிரம் பேர் தீவைவிட்டுக் கிளம்பினார்கள். நேர்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். பாதை வழியாக அது இன்னும் கூடுதல். குழந்தைகளும் முதியவர்களும் கால்நடையாகவும் வண்டிகளிலும் போனார்கள். கோடையின் முடிவில் கிளம்பினால் நடுவழியில் குளிர்காலம் பிடிக்கும் என்பது எந்த உழவனுக்கும் தெரியும். தேதியைத் தேர்ந்தெடுத்தது அவர்கள் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பொல்தாவாவுக்கு அருகிலுள்ள ரெஷெத்திலிவ்காவில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். 1709இல் ஸ்வீடனின் பெரும்படை ரஷ்யாவிடம் தோற்ற வட்டாரம் அது. அந்தத் தோல்வியின் விளைவாகக் கைமாறிய தீவின் மக்கள், மூன்று தலைமுறை கழித்து அதே வழியாக நடந்து போனார்கள்.

1782 மே 1ஆம் நாள் தினிப்ரோ கரையை அடைந்தபோது அவர்களுக்காகக் கட்டப்பட்ட வீடுகள் ஏதும் இல்லை. வழியிலேயே பலர் இறந்திருந்தார்கள். வந்த முதல் ஆண்டில் நோயும் பட்டினியும் மிச்சமிருந்தவர்களிலும் பலரைக் கொண்டுபோயின. பாதிரியாரின் பதிவேட்டின்படி 1783 மார்ச்சில் உயிரோடு இருந்தவர்கள் 135 பேர். ஆயிரம், 135 என்ற இந்த இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இறப்புகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்த ஒரு கை, ஒரு நாள் திரும்பிப் பார்த்து மிஞ்சியவர்களை எண்ணியிருக்கிறது.

இப்போது அந்த மூன்று கேள்விகளுக்கு வருவோம். 1781இல் அவர்களை யாரும் சங்கிலியில் கட்டி இழுத்துச் செல்லவில்லை. நிலம் தருவதாகச் சொன்னார்கள், இவர்களும் போனார்கள். அதனால் இதைக் குடியேற்றம் என்று எழுதுபவர்களும் உண்டு, நாடுகடத்தல் என்று எழுதுபவர்களும் உண்டு. என் கருத்தில் இரண்டாவது கேள்விதான் இதைத் தீர்க்கிறது. இருந்த இடத்தில் இருக்கும் வழி அடைக்கப்பட்ட பிறகு கேட்கப்படும் சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்வது கடினம். கட்டாயம் எப்போதும் கத்தியோடு வருவதில்லை. நிலப் பத்திரத்தில் ஒரு கையெழுத்தாகவும் அது வரும்.

எஞ்சிய 135 பேரும் ஊரைக் கைவிடவில்லை. 1788 முதல் 1790 வரை நடந்த ரஷ்ய-ஸ்வீடிஷ் போரில் பிடிபட்ட ஸ்வீடிஷ் கைதிகள் சிலரும் அங்கே குடியமர்த்தப்பட்டார்கள். அதாவது ஊருக்கு வந்து சேர்ந்த அடுத்த கூட்டமும் பிறவினையால் வந்தது. பிறகு ஜெர்மானியர்கள் அருகில் தங்கள் ஊர்களை அமைத்தார்கள். நூறு ஆண்டுகள் இந்த ஸ்வீடிஷ் ஊர் தாய்நாட்டோடு பெரிய தொடர்பின்றி இருந்தது. ஆனாலும் வீட்டில் ஹீயுமாவின் பழைய வட்டார வழக்கும், கோயிலிலும் பள்ளியிலும் நூல் வழக்கான ஸ்வீடிஷும் நிலைத்தன. லூதரன் மறையின் வேதநூலும் பாட்டுப் புத்தகமும் அந்த நூல் வழக்கைக் காத்துக் கொடுத்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்வீடனிலும் பின்லாந்திலும் இந்த ஊரைப் பற்றித் தெரிந்தபோது அங்கிருந்து பணம் திரட்டி அனுப்பினார்கள். அதைக் கொண்டு கட்டப்பட்ட புனித யோவான் கோயில் 1885இல் திறக்கப்பட்டது.

அடுத்த பெரும் திருப்பம் 1917 ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு வந்தது. உள்நாட்டுப் போரின் படைகள் இந்த வட்டாரத்தில் முன்னும் பின்னுமாக உருண்டன. 1921-22 பஞ்சத்தில் ஸ்வீடனின் செஞ்சிலுவைச் சங்கம் உணவு அனுப்பி உதவியது. 1920களின் இறுதியில், உழவர்களின் நிலங்களை ஒன்றாக்கும் கூட்டுப்பண்ணைத் திட்டத்தின் நெருக்கடியும் சமயத்தின் மீதான நெருக்கடியும் இறுகியபோது, பாதிரியார் கிறிஸ்டோஃபர் ஹோவாஸின் முயற்சியால் ஊரே ஒரு கோரிக்கை வைத்தது: எங்களை ஸ்வீடனுக்குப் போக விடுங்கள். சோவியத் அரசு அனுமதித்தது. அக்காலத்தில் அது மிக அரிது. ஏறத்தாழ 900 பேர் கப்பலிலும் ரயிலிலுமாகப் பயணம் செய்து 1929 ஆகஸ்ட் 1ஆம் நாள் ஸ்வீடனின் ட்ரெல்லெபோர்க் துறைமுகத்தில் இறங்கினார்கள்.

முதல் கேள்விக்கு இந்த முறை விடை வேறு. போவதென்று முடிவெடுத்தவர்கள் அவர்களே. எனினும் கதை இனிதே முடியவில்லை. அந்த மக்கள் எதிர்பார்த்தது நாட்டை மட்டுமல்ல, ஊரை. ஒரே தெருவில், ஒரே கோயிலைச் சுற்றி, சேர்ந்து வாழ நிலம் கிடைக்கும் என்று நம்பி வந்தவர்களை ஸ்வீடன் தென்பகுதிப் பண்ணைகளுக்குப் பிரித்து அனுப்பியது, அங்குள்ள வேளாண் முறையைக் கற்றுக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணத்தில். உலகப் பொருளாதார வீழ்ச்சியின் காலம் வேறு. பின்னர் பலர் கோட்லாந்துத் தீவில் சிறு பண்ணைகள் வாங்கிக் குடியமர்ந்தார்கள். சிலர் கனடாவுக்குப் போனார்கள். சுமார் 250 பேரோ, ஸ்வீடிஷ் கம்யூனிஸ்டுகளின் ஊக்கத்தோடு, 1930, 1931 ஆண்டுகளில் தினிப்ரோ கரைக்கே திரும்பிவிட்டார்கள்.

இன்று படிக்கும் நமக்கு, ஸ்டாலின் காலத்து உக்ரைனுக்கு ஒருவர் விரும்பித் திரும்புவதா என்று நெஞ்சு பதறும். ஆனால் அவர்கள் நின்ற இடத்தில் நின்று பார்த்தால் புரியாத முடிவல்ல அது. ஊர் என்பது வீடுகளின் தொகை மட்டுமில்லை. யாருடைய வேலி யாருடைய வேலியைத் தொடுகிறது, எந்தக் கல்லறையில் யார் கிடக்கிறார்கள், யாரிடம் பேசினால் அசல் வீட்டுப் பேச்சில் பதில் வரும் என்பதெல்லாம் சேர்ந்ததே ஊர். மக்களை மட்டும் எடுத்துச் சென்று தனித்தனியாக நட்டால், எவ்வளவு அன்போடு நட்டாலும், அந்தப் பின்னல் அறுந்துவிடுகிறது. கட்டாயக் குடிபெயர்ப்பை ஆராய்பவர்கள் இழந்த நிலத்தையும் வீட்டையும் மட்டும் கணக்கிடாமல் இந்தப் பின்னலின் இழப்பையும் கணக்கில் சேர்ப்பது இதனால்தான்.

திரும்பியவர்களுக்குக் காத்திருந்தது 1932-33. ஊரில் ஸ்வீடிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் பெயரில் கூட்டுப்பண்ணை அமைந்தது. ஊரும் 'செஞ்ஸ்வீடன் ஊர்' என்று பொருள்படப் பெயர் பெற்றது. அந்த ஆண்டுகளில் உக்ரைனிய உழவர்களிடமிருந்து தானியம் மிகக் கடுமையாகப் பறிக்கப்பட்டது. 1932 ஆகஸ்ட் 7ஆம் நாள் சட்டத்தின்படி கூட்டுப்பண்ணை வயலில் கதிர் பொறுக்கினாலும் கடுந்தண்டனை. உக்ரைனியர் ஹோலோதமோர் என்று அழைக்கும் அந்தப் பட்டினிப் பேரழிவில் உக்ரைனில் மட்டும் ஏறத்தாழ 39 லட்சம் பேர் மாண்டார்கள் என்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

கட்டாயக் குடிபெயர்ப்பைப் புரிந்துகொள்ள இந்த ஆண்டுகளில் இன்னொரு பாடம் இருக்கிறது. 1932 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் உள்நாட்டுக் கடவுச்சீட்டு முறையைக் கொண்டுவந்தது. பொதுவாகக் கூட்டுப்பண்ணை உழவர்களுக்கு அந்தச் சீட்டு தரப்படவில்லை. 1933 ஜனவரி 22ஆம் நாள் பிறந்த உத்தரவு, உணவு தேடி உக்ரைனைவிட்டு வெளியேறும் உழவர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்பச் சொன்னது. மக்களை நகர்த்துவதும் நகரவிடாமல் தடுப்பதும் எதிரெதிரான செயல்களாகத் தோன்றலாம். உண்மையில் அவை ஒரே அதிகாரத்தின் இரு கைகள். எங்கே இருப்பது என்ற முடிவு மனிதனிடமிருந்து பறிக்கப்படும்போது, அவன் ரயிலில் ஏற்றப்படுகிறானா, ரயிலிலிருந்து இறக்கப்படுகிறானா என்பது இரண்டாம் செய்தி. ஸ்வீடனுக்குத் திரும்ப விரும்பிய ஊரார் சிலரும் அக்காலத்தில் கைதானார்கள். ஸ்டாலின் அரசு பெருந்திரளானோரைக் கைதுசெய்து கொன்ற 1937-38 பெரும் பயங்கரத்திலும் இந்த ஊர் உயிர்களைப் பறிகொடுத்தது.

1941 ஆகஸ்டில் ஜெர்மன் படை வந்தது. நாஜிகள் மனிதர்களை இனப் பட்டியலின்படி பிரித்தார்கள். ஸ்வீடிஷ் ஊரார் அந்தப் பட்டியலில் மேலே வைக்கப்பட்டார்கள். அடுத்த நகரமான பெரிஸ்லாவின் யூதர்கள் அதே ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரே ஆற்றங்கரையின் இரண்டு அண்டை மக்களுக்கு நேர்ந்ததை ஒரே மூச்சில் சொல்லாமல் இந்த ஊரின் போர்க்காலத்தைச் சொல்லக் கூடாது.

1943இல் ஜெர்மானியர் பின்வாங்கியபோது ஊராரையும் தங்களோடு மேற்கே கொண்டுபோனார்கள். போர் முடிந்ததும் சிலர் ஸ்வீடனை அடைந்தார்கள். மற்றவர்களுக்கு வேறொரு சொல் காத்திருந்தது: தாயகம் திருப்புதல். 1945 பிப்ரவரியில் நேச நாடுகள் யால்டாவில் செய்த ஒப்பந்தப்படி, சோவியத் குடிமக்களாகக் கருதப்பட்டவர்கள் சோவியத் ஒன்றியத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும். கேட்பதற்குக் கனிவான சொல்தான், தாயகம். ஆனால் அவர்கள் போய்ச் சேர்ந்தது வடக்கே வெகுதொலைவில், கோமி வட்டாரத்தின் கட்டாய உழைப்பு முகாம்கள். அங்கிருந்து மீண்டவர்கள் 1947இல்தான் ஊரைப் பார்த்தார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் ஊரின் வெற்றிடத்தை அரசு வேறு மக்களைக் கொண்டு நிரப்பியது. 1951இல் போலந்தும் சோவியத் ஒன்றியமும் ஆளுக்கு 480 சதுர கிலோமீட்டர் நிலத்தை மாற்றிக்கொண்டன. போலந்துக்குப் போன பகுதியில் கார்பாத்திய மலையடிவாரத்து உக்ரைனியரான போய்கோ மக்கள் வாழ்ந்தார்கள். நிலம் மட்டும் கைமாற, ஏறத்தாழ 32,000 பேர் அங்கிருந்து கெர்சன், ஒதேசா, மிகலாயிவ், தொனேத்ஸ்க் மாநிலங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அவர்களில் சில ஊர்க்காரர்கள் ஸ்மியீவ்காவில் இறக்கிவிடப்பட்டார்கள். காடும் ஓடையுமாகப் பழகியவர்களுக்கு மரமற்ற புல்வெளி. ஒரு தெருவில் பால்டிக் தீவிலிருந்து நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள், அடுத்த தெருவில் மலையிலிருந்து ரயிலில் வந்தவர்கள். யாரும் யாருடைய வீட்டையும் கேட்டு வரவில்லை. ஆனால் அங்கேதான் சேர்ந்து உழுதார்கள், சம்பந்தம் செய்தார்கள்.

பிறகு சில பத்தாண்டுகள் ஊர் ஒரு சாதாரண ஊராக இருந்தது. 1950களில் கஹோவ்கா அணை கட்டப்பட்டு ஆறு ஓர் உள்நாட்டுக் கடலாக விரிந்தது. உக்ரைன் 1991இல் விடுதலை பெற்றபின் ஸ்வீடனோடும் கோட்லாந்தோடும் உறவு புதுப்பிக்கப்பட்டது. 2008இல் ஸ்வீடிஷ் மன்னர் பதினாறாம் கார்ல் குஸ்தாவ் அரசி சில்வியாவோடு ஊருக்கே வந்தார். பழைய வட்டார வழக்கைத் தாய்மொழியாகப் பேசுபவர்கள் அப்போதே விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்கள். மொழியியலாளர்கள் அவர்களிடம் அமர்ந்து சொற்களைப் பதிவு செய்தார்கள்.

2022இல் ரஷ்யப் படை கெர்சன் மாநிலத்தைக் கைப்பற்றியபோது ஸ்மியீவ்காவும் ஆக்கிரமிப்புக்குள் போயிற்று. நவம்பரில் தினிப்ரோவின் வலக்கரை மீட்கப்பட்டது. ரஷ்யர்கள் இடக்கரையில் நின்றார்கள். ஆற்றின் அக்கரையிலிருந்து எறிகணைகளும் பிறகு டிரோன்களும் வரத் தொடங்கின. பிரிந்து கிடந்த மக்களை மொழியாலும் நினைவாலும் கோத்து வைத்த அந்த 1885ஆம் ஆண்டுக் கோயிலும் தாக்குதலில் சேதமடைந்தது. மீண்டும் மூட்டைகள் கட்டப்பட்டன. இம்முறை ஊரைவிட்டுப் போனவர்களுக்கு அரசுச் சான்றிதழில் ஒரு பெயர் இருக்கிறது. தமிழில் நாம் அதை 'உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்' என்று எழுதுகிறோம், தன்வினை. உக்ரைனிய ஆவணத்தில் உள்ள சொல்லை நேராகப் பெயர்த்தால் 'இடம் பெயர்க்கப்பட்டவர்' என்று வரும். அந்தச் சொல்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

2023 ஜூன் 6ஆம் நாள் கஹோவ்கா அணை தகர்க்கப்பட்டது. அணைக்குக் கீழே இருந்த ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. மேலே இருந்த நீர்த்தேக்கம் சில நாட்களில் வடிந்துபோயிற்று. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் தண்ணீருக்கடியில் கிடந்த படுகையில் அடுத்த கோடைக்குள் இளம் வில்லோ மரங்கள் ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து எழுந்தன. அவற்றுக்கு நடுவே தினிப்ரோ தன் பழைய வழியில் ஓடுகிறது. 1782இல் அந்தக் கரைக்கு வந்து சேர்ந்தவர்கள் பார்த்ததும் அணையில்லாத இந்த ஆற்றைத்தான்.